விலாசம் தேடும் கணினி

காரைக்குடிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில் "செட்டிநாடு" என்று பெயர்ப்பலகை வைத்த ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது. அங்கே இறங்கி "செட்டிநாடு எந்தப் பக்கம்?" என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். செட்டிநாடு என்பது ஒரு ஊர் இல்லை. 70-க்கும் மேற்பட்ட ஊர்கள் சேர்ந்த வட்டாரம் அது. அந்த ஸ்டேஷன் இருக்கும் ஊர் கானாடுகாத்தான். ரயில்வேக்கு ஒரு பெயர், ஊர்க்காரர்களுக்கு ஒரு பெயர்.

கானாடுகாத்தானின் பெரிய வீடுகளுக்கும் இதே கதைதான். ஒரு தெருவில் தொடங்கும் வீடு அடுத்த தெருவில் போய் முடியும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று உள்ளே போய்க்கொண்டே இருந்தால், பின்வாசல் இன்னொரு தெருவில் திறக்கும். அப்படியானால் அந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது? விருந்தாளிக்கு முன் தெரு. சாமான் இறக்க வரும் வண்டிக்காரருக்குப் பின் தெரு. வீடு ஒன்றுதான், வாசல் இரண்டு.

வீட்டை விடுங்கள், மனிதர்களுக்கு வருவோம். நகரத்தார் வீடுகளில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். அதனால் ஒரே ஊரில் எத்தனையோ அண்ணாமலை, எத்தனையோ முத்தையா. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 1929-இல் நிறுவிய ராஜா சர் அண்ணாமலை செட்டியார் கானாடுகாத்தான்காரர். அவருடைய அப்பா பெயர் முத்தையா. மகன் பெயரும் முத்தையா. குழப்பம் வராமல் இருக்க என்ன செய்வது? முழுப்பெயரைப் பார்த்தால் புரியும்: சாத்தப்ப ராமநாத முத்தைய அண்ணாமலை. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள் வரிசையாகச் சேர்ந்து ஒரு அடையாளம் ஆகிவிடுகின்றன. வட்டிக்கடைத் தொழிலில் இந்த எழுத்துத் தொடருக்கு ஒரு பெயர் உண்டு. "விலாசம்"!

ஆமாம், தபாலில் எழுதுகிறோமே அதே வார்த்தைதான். பர்மாவில் கடை வைத்திருந்த செட்டியார் ஊரில் இருப்பார். ரங்கூன் முகல் தெருக் கிட்டங்கியில் உட்கார்ந்து கடையை நடத்துபவர் அவருடைய ஏஜெண்ட். கணக்கும் உண்டியலும் முதலாளியின் விலாசத்தில்தான் நடக்கும். ஆக, ஒரே மனிதரை ஊரில் வீட்டை வைத்துச் சொல்வார்கள். பங்காளி, சம்பந்தி பேச்சு என்றால் ஒன்பது நகரக் கோயில்களில் எந்தக் கோயில் என்று கேட்பார்கள். ரங்கூனில் விலாசத்தைச் சொல்வார்கள். "உங்கள் முகவரி என்ன?" என்று ஒருவர் கேட்டால், முதலில் கேட்பது யார் என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும்.

இந்தச் சின்ன விஷயத்தை மறந்ததால்தான் கணினி உலகம் பல வருடங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டது. "இந்தக் கணினியின் ஐ.பி. முகவரி என்ன?" என்று ஒரு நிரல் (புரோகிராம்) கேட்டால் சரியான பதில் கிடைக்க வேண்டியதுதானே? கேட்பதற்கு எவ்வளவு சுலபமான கேள்வி! ஆனால் புரோகிராம் எழுதும் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். 127.0.0.1 என்று வந்து நின்ற கதை ஒன்றாவது அவரிடம் இருக்கும்.

கதையை ஆரம்பத்திலிருந்து பார்ப்போம். 1969-இல் அமெரிக்காவில் அர்ப்பாநெட் தொடங்கியபோது விரல் விட்டு எண்ணக்கூடிய கணினிகளே அதில் இருந்தன. எந்தக் கணினிக்கு எந்த எண் என்பது எல்லோருக்கும் தெரியும். கணினிகள் பெருகியதும் ஒரு பட்டியல் தேவைப்பட்டது. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணியின் குழு அந்தப் பட்டியலைப் பராமரித்தது. புதிதாகக் கணினி வைப்பவர்கள் அவர்களிடம் தெரிவிப்பார்கள், அவர்கள் பட்டியலில் சேர்ப்பார்கள், மற்றவர்கள் அதைப் பிரதி எடுத்துக்கொள்வார்கள். அந்தக் காலத்தில் "என் முகவரி என்ன?" என்ற கேள்விக்குச் சிரமமே இல்லை. தன் பெயர் கணினிக்குத் தெரியும், பட்டியலில் அந்தப் பெயரைத் தேடினால் எண் கிடைத்துவிடும்.

1983 ஜனவரி 1 அன்று அர்ப்பாநெட் முழுவதும் டி.சி.பி./ஐ.பி. முறைக்கு மாறியது. அதே வருடம் வந்த 4.2 பி.எஸ்.டி. யூனிக்ஸில் இந்தப் பழைய வழி அப்படியே நிரந்தரமாகிவிட்டது. 'கெட்ஹோஸ்ட்நேம்' என்று கூப்பிட்டால் கணினியின் பெயர் வரும். அதை 'கெட்ஹோஸ்ட்பைநேம்' என்பதிடம் கொடுத்தால் முகவரி வரும். இரண்டே வரி வேலை. இன்றைக்கும் இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது இந்த இரண்டு வரிதான்.

இதில் ஒரு ஓட்டை இருந்தது. ஐ.பி. முறையை வகுத்த 1981-ஆம் வருட ஆவணத்திலேயே ஒரு கணினிக்குப் பல இணைப்புகள் இருக்கலாம் என்று சொல்லப்பட்டிருக்கிறது. முகவரி கணினிக்குச் சொந்தமில்லை, அதன் இணைப்புக்குச் சொந்தம். அதாவது வீட்டுக்கு இல்லை, வாசலுக்கு! ஆனால் பெயரைக் கொடுத்து முகவரி கேட்கும் வழக்கம், ஒரு கணினிக்கு ஒரே முகவரிதான் என்ற நினைப்பில் பிறந்தது.

அடுத்த பத்து வருடங்களில் முகவரியைக் கணினிக்குத் தானாகவே கொடுக்கும் வழிகள் வந்தன. 1984-இல் ஆர்.ஏ.ஆர்.பி., 1985-இல் பூட்-பி, 1993-இல் டி.எச்.சி.பி. ஹார்டு டிஸ்க்கே இல்லாத கணினிகள் இருந்த காலம் அது. அவை எழுந்ததும் "நான் யார்?" என்று கத்தும், நெட்வொர்க்கில் இருக்கும் சர்வர் எண்ணைச் சொல்லும். டி.எச்.சி.பி. வந்த பிறகு முகவரி என்பது வாடகை வீடு மாதிரி ஆகிவிட்டது. தவணை உண்டு, தவணை முடிந்தால் புதுப்பிக்க வேண்டும், மாறவும் மாறலாம். ஆனால் கணினிக்குள் இருக்கும் 'ஹோஸ்ட்ஸ்' என்ற பட்டியல் கோப்புக்கு இது எப்படித் தெரியும்?

இங்கேதான் 127.0.0.1 வருகிறது. 127-இல் தொடங்கும் எண்கள் கணினி தன்னோடு தானே பேசிக்கொள்ள ஒதுக்கப்பட்டவை. நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கிப் போட்டாலும் அது வேலை செய்யும். சில லினக்ஸ் வகைகளை நிறுவும்போது, கணினிக்கு நிரந்தர முகவரி இல்லையே, பெயரை எந்த எண்ணோடு சேர்ப்பது என்ற பிரச்சினை வந்தது. பெயருக்கு எண்ணே கிடைக்காவிட்டால் சில மென்பொருள்கள் தடுமாறும். அதனால் பெயரை 127.0.0.1 வரியிலேயே எழுதிவைத்தார்கள். டெபியன்காரர்கள் கொஞ்சம் நாசூக்காக 127.0.1.1 என்று எழுதினார்கள். விளைவு என்ன? புரோகிராம் தன் பெயரைக் கேட்டது, பட்டியலில் தேடியது, "உன் முகவரி 127.0.0.1" என்று பதில் வந்தது. பொய்யில்லை. ஆனால் வெளி ஆளிடம் சொல்ல உதவாத பதில். ரங்கூனில் இருப்பவர் எங்கே வந்து பார்ப்பது என்று கேட்டதற்கு "என் வீட்டில்தான்" என்று பதில் எழுதியது போல.

இந்தப் பதில் அதிகம் பேரைப் படுத்தியது ஜாவாவில். 1997-இல் வந்த ஜாவா 1.1-இல் ஆர்.எம்.ஐ. என்ற வசதி இருந்தது. ஒரு கணினியில் உள்ள புரோகிராம் இன்னொரு கணினியில் உள்ள புரோகிராமைக் கூப்பிட்டு வேலை வாங்கலாம். சர்வர் தன்னைப் பதிவு செய்துகொள்ளும்போது தன் முகவரியையும் சேர்த்துக் கொடுக்கும். அந்த முகவரி 127.0.0.1 என்று இருந்துவிட்டால்? வேறு கணினியில் இருக்கும் ஆள் அதை வாங்கி, அந்த எண்ணுக்குப் போய், தன் வீட்டுக் கதவையே தட்டுவான். உள்ளே ஆள் இல்லை. "இணைப்பு மறுக்கப்பட்டது" என்று பிழைச்செய்தி வரும். எழுதியவரின் சொந்தக் கணினியில் சர்வரும் கிளையண்டும் ஒன்றாக ஓடும்போது எல்லாம் அருமையாக நடக்கும். வாடிக்கையாளர் இடத்தில் போட்டதும் ஓடாது. கடைசியில் சர்வரைத் தொடங்கும்போதே முகவரியைக் கையால் எழுதிக் கொடுப்பதுதான் வழி என்று ஆனது. தானாகக் கண்டுபிடிக்க வேண்டியதை மனிதன் சொல்லிக் கொடுப்பதா என்று கோபம் வரலாம். ஆனால் யோசித்துப் பார்த்தால், தன்னைத் தேடி வரப்போவது யார் என்பது அந்த நேரத்தில் சர்வருக்குத் தெரியாது, அதை அமைத்த மனிதனுக்குத்தான் தெரியும்.

இனி நம் ஊர்ப் பக்கம். இந்தியாவில் கல்வி நிறுவனங்களை இணைக்கும் எர்நெட் 1986-இல் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி. அதன் முதல் எட்டு நிறுவனங்களில் ஒன்று. பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். மூலமாக, சென்னை உள்பட நான்கு பெருநகரங்களில். அப்போது விலை குறைந்தது 'ஷெல்' கணக்கு. அதில் ஒரு வேடிக்கை. மோடம் மூலம் நீங்கள் வி.எஸ்.என்.எல்.லின் கணினிக்குள் நுழைந்து, அங்கிருந்து எழுத்துகளை மட்டும் உங்கள் திரையில் பார்ப்பீர்கள். உங்கள் மேசையில் இருக்கும் கணினிக்கு இணைய முகவரியே கிடையாது. முகவரி என்ன என்று கேட்டால் வி.எஸ்.என்.எல். கணினியின் எண் வரும். விலாசம் முதலாளியுடையது, உட்கார்ந்திருப்பது ஏஜெண்ட்... அதே கதை! டி.சி.பி./ஐ.பி. கணக்கு வாங்கியவர்களின் கணினிக்குத்தான் சொந்தமாக ஒரு எண் கிடைத்தது. அதுவும் போன் இணைப்பு இருக்கும் வரை மட்டும்.

பிறகு வந்தது பிரவுசிங் சென்டர் காலம். ஒரு போன் லைன், நான்கைந்து கணினிகள். 1999-இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் ஒரு இணைப்பைப் பலரும் பகிர்ந்துகொள்ளும் வசதி இருந்தது. மோடம் மாட்டிய கணினி உள்பக்கம் 192.168.0.1 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளும். வெளிப்பக்கம், போன் லைன் வழியாக, வேறொரு எண். கானாடுகாத்தான் வீடு போலவே முன் தெருவில் ஒரு வாசல், பின் தெருவில் ஒரு வாசல். அந்தக் கணினியில் ஓடும் புரோகிராம் "என் முகவரி என்ன?" என்று கேட்டால் எதைச் சொல்வது? பட்டியலில் முதலில் இருப்பதை எடுத்துக் கொடுக்கும் புரோகிராம்கள் நிறைய. எது முதலில் வரும் என்பது அதிர்ஷ்டம்.

192.168 என்பது எங்கிருந்து வந்தது? ஐ.பி. முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடிதான். தீர்ந்துவிடும் என்ற பயம் 1990-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. அதனால் 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்கும் எண்களை யார் வேண்டுமானாலும் தங்கள் வீட்டுக்குள், அலுவலகத்துக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினார்கள். 1996-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1918 இன்றும் அதற்குச் சட்டம். உள்ளே ஆயிரம் கணினிகள் இருக்கட்டும், வெளியே போகும்போது வாசலில் ஒரு பெட்டி எல்லோருக்கும் ஒரே பொது எண்ணை மாட்டி அனுப்பும். இதுதான் நாட். 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்த பிறகு சிறிய ஊர் வீடுகளிலும் இந்தப் பெட்டி வந்தது. லட்சக்கணக்கான வீடுகளில் ஒரே 192.168.1.1. ஊரெல்லாம் முத்தையா!

நாட் வந்ததும் தன் முகவரியைப் பேச்சுக்கு நடுவே சொல்லும் புரோகிராம்கள் எல்லாம் உடைந்தன. பழைய எஃப்.டி.பி.யில், "இந்த முகவரிக்குக் கோப்பை அனுப்பு" என்று கிளையண்ட் தன் எண்ணை எழுதி அனுப்பும். 192.168.1.2 என்று எழுதினால் தூரத்தில் உள்ள சர்வருக்கு அது எங்கே தெரியப்போகிறது? இணையத் தொலைபேசியில் இன்னும் மோசம். மணி அடிக்கும், எடுப்பார்கள், ஒருவர் பேசுவது கேட்கும், மற்றவர் பேசுவது கேட்காது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிள்ளைகள் இருக்கும் வட்டாரத்தில் இது சின்ன விஷயமில்லை. குரல் வந்து சேர வேண்டிய முகவரியாக உள்வீட்டு எண் போய்விட்டதுதான் பெரும்பாலும் காரணம். இதற்காக 2003-இல் ஸ்டன் என்ற முறை வந்தது. வெளியே இருக்கும் ஒரு சர்வரிடம் "நான் உனக்கு எந்த எண்ணில் தெரிகிறேன்?" என்று கேட்டுத் தெரிந்துகொள்வது. தன் முகவரியைத் தானே பார்க்க முடியாமல் அடுத்தவரிடம் கேட்கும் நிலை!

முகவரியும் ஆளும் ஒன்று என்று நினைப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஒரு சம்பவம். 2007-இல் ஆர்குட்டில் சிவாஜி மன்னரை இழிவுபடுத்தும் படம் போட்டதாக பெங்களூரு மென்பொருள் பொறியாளர் ஒருவரை புனே போலீஸ் கைது செய்தது. ஆதாரம் ஒரு ஐ.பி. முகவரி. அந்த எண்ணை வைத்திருந்தவர் என்று இணையச் சேவை நிறுவனம் கொடுத்த தகவல் தவறு. தெரிய வருவதற்குள் அவர் 50 நாட்கள் சிறையில் இருந்துவிட்டார். வாடகை வீட்டு எண்ணை வைத்து ஆளைப் பிடித்தால், அந்தத் தேதியில் குடியிருந்தவர் யார் என்பதில் ஒரு சின்னப் பிசகு போதும்.

சரி, கடைசியில் உள் முகவரியை ஒழுங்காகக் கண்டுபிடிக்க வழி உண்டா? உண்டு. அது பெயரைப் பட்டியலில் தேடும் வழி அல்ல. யூ.டி.பி. சாக்கெட் ஒன்றைத் திறந்து, நீங்கள் பேசப்போகும் கணினியின் எண்ணைக் கொடுத்து "கனெக்ட்" செய்யச் சொல்லுங்கள். யூ.டி.பி.யில் இணைப்பு என்பது பேச்சுக்குத்தான். ஒரு பாக்கெட் கூட வெளியே போகாது. ஆனால் இயங்குதளம் தன் வழித்தட அட்டவணையைப் பார்த்து, அந்த எண்ணுக்குப் போக வேண்டுமென்றால் எந்த வாசல் என்று முடிவு செய்து, அந்த வாசலின் முகவரியை சாக்கெட்டில் எழுதிவிடும். பிறகு 'கெட்சாக்நேம்' என்று கேட்டால் அது கிடைக்கும். ரிச்சர்ட் ஸ்டீவன்ஸின் யூனிக்ஸ் நெட்வொர்க் புரோகிராமிங் புத்தகத்தில் இது விளக்கப்பட்டிருக்கிறது. தந்திரம் என்று பலரும் சொல்கிறார்கள். உண்மையில் இதுதான் சரியான கேள்வி. "என் முகவரி என்ன?" என்பதை விட்டுவிட்டு "இவரோடு பேசினால் என் முகவரி என்ன?" என்று கேட்கிறது.

இதையும் கெடுத்துக்கொள்ளலாம். பலர் கண்ணை மூடிக்கொண்டு 8.8.8.8 என்று கூகுளின் எண்ணைக் கொடுப்பார்கள். இணையம் இல்லாத உள்நெட்வொர்க்கில், வெளியே போக வழியே எழுதப்படாத இடத்தில், இது பிழையில் போய் முடியும். வி.பி.என். போட்டிருந்தால் அதன் எண் வரக்கூடும். பக்கத்து அறை பிரிண்டருக்கு அந்த எண்ணால் பயனில்லை. பிரிண்டரோடு பேச வேண்டுமானால் பிரிண்டரின் எண்ணையே கொடுக்க வேண்டும். ஒரு அலுவலகத்தில் கணக்கு மென்பொருளின் சர்வரைக் கிளையண்ட் கணினிகள் காணவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியதும் இதுவே. சர்வர் எந்த வாசலின் எண்ணை ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது? 127 என்று தொடங்கினால் ஹோஸ்ட்ஸ் கோப்பு. 169.254 என்று தொடங்கினால் டி.எச்.சி.பி.யிடமிருந்து பதில் வராமல் கணினி தானாக வைத்துக்கொண்ட எண். 172.17 என்றால் டாக்கர் நிறுவியிருக்கிறதா என்று பாருங்கள்.

2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த பழைய ஐ.பி. முகவரிகள் தீர்ந்துபோயின. 2016-இல் ஜியோ வந்த பிறகு நம் நாட்டில் ஐ.பி. ஆறாம் பதிப்பு வேகமாகப் பரவியது. அதில் ஒரு கணினிக்கு ஒரே சமயத்தில் மூன்று நான்கு முகவரிகள் இருப்பது சகஜம். உள்ளூருக்கு ஒன்று, நிலையானது ஒன்று, யாரும் பின்தொடராமல் இருக்க அவ்வப்போது மாற்றிக்கொள்ளும் தற்காலிகமானது ஒன்று. ஒரே பதில் கேட்டவர்கள் பாடு இன்னும் திண்டாட்டம்.

பிரவுசர்களில் இப்போது நிலைமை தலைகீழ். வீடியோ அழைப்புக்காக வந்த வெப்-ஆர்.டி.சி. வசதி மூலம், நீங்கள் பார்க்கும் எந்த இணையப் பக்கமும் உங்கள் கணினியின் உள்வீட்டு எண்ணைத் தெரிந்துகொள்ள முடிந்தது. 2015 வாக்கில் இது பெரிய சர்ச்சையானது. 2019-இல் குரோம் பிரவுசர் அந்த எண்ணுக்குப் பதிலாக ".லோக்கல்" என்று முடியும், அர்த்தமில்லாத ஒரு நீளப் பெயரைக் கொடுக்கத் தொடங்கியது. அதே நெட்வொர்க்கில் இருக்கும் கணினி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வரும். வெளியே இருப்பவருக்கு அது வெறும் எழுத்துக் குவியல். கேமராவையோ மைக்கையோ பயன்படுத்த நீங்கள் அனுமதித்த பக்கத்துக்கு மட்டும் உண்மையான எண் போகும்.